கத்தோலிக்கர் – புராட்டஸ்டண்ட் உறவைச் சதவீதத்தில் சொல்வது சும்மா கணக்கு காட்டுவதா?

கேள்வி: 3 பிப்ரவரி 2024

வட அயர்லாந்தில் "இரண்டு சமூகங்களுக்கும் நடுவில் உறவு மேம்பட்டிருக்கிறது, மோசமாகியிருக்கிறது" என்று வருடா வருடம் ஒரு சதவீதம் வருகிறது. அரிசி பருப்பு என்றால் நிறுத்துப் பார்க்கலாம். உறவை எந்தத் தராசில் வைக்கிறார்கள்? என்னைக் கேட்டால் அரசாங்கப் பணத்தில் கணக்கு காட்டும் வேலை. அங்கே இருப்பவர்கள் யாராவது சொல்லுங்கள்.

3 பிப்ரவரி 2024, இரவு

பெல்ஃபாஸ்ட்டுக்கு வந்து பதினோரு வருடம் ஆகிறது. வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் நர்ஸ் வேலை. ரெண்டு பக்கத்து வீட்டுக்குள்ளும் தினமும் போய் வருகிறவள் என்பதால் எழுதுகிறேன், ஆராய்ச்சி எதுவும் செய்தவள் இல்லை.

நீங்கள் சொல்லும் சதவீதம் பெரும்பாலும் 'லைஃப் அண்ட் டைம்ஸ்' ஆய்விலிருந்து வருவது. குயின்ஸ், அல்ஸ்டர் என்று இங்குள்ள ரெண்டு பல்கலைக்கழகமும் சேர்ந்து 1998இல் ஆரம்பித்தது. ஆயிரத்துச் சொச்சம் பேரைப் பிடித்து, "ஐந்து வருடத்துக்கு முன்னால் இருந்ததை விட இப்போது புராட்டஸ்டண்ட் – கத்தோலிக்க உறவு நன்றாக இருக்கிறதா, மோசமா, அப்படியேதானா?" என்று கேட்பார்கள். அடுத்து, இன்னும் ஐந்து வருடத்தில் எப்படி இருக்கும் என்று ஒரு கேள்வி. இதே கேள்வியை இதற்கு முந்தைய ஆய்வில் 1989லிருந்தே கேட்டிருக்கிறார்கள்.

உங்கள் பக்கம்தான் நானும். கணக்கு காட்டும் வேலை.

நான் வந்து இறங்கியது 2013 ஜனவரி. அதற்கு முந்தைய மாதம், டிசம்பர் 3ஆம் தேதி, வருடம் முழுக்கப் பறந்த பிரிட்டிஷ் கொடியை இனி குறிப்பிட்ட நாட்களில் மட்டும் ஏற்றுவோம் என்று மாநகராட்சி ஓட்டெடுப்பில் முடிவெடுத்திருந்தது. அதை எதிர்த்துப் புராட்டஸ்டண்ட் பக்கத்தவர் ஊரெல்லாம் மறியல். முதல் வாரம் வேலைக்குப் போகிற பஸ் பாதியில் நின்று, கொட்டும் மழையில் நடந்தே போனேன். அந்த வாரம் யாராவது வந்து "உறவு எப்படி?" என்று கேட்டிருந்தால் என் பதில் முழுக்க நனைந்த சாக்ஸைப் பற்றித்தான் இருந்திருக்கும்.

4 பிப்ரவரி 2024

என்னையே ஒரு தடவை பிடித்தார்கள். எந்த ஆய்வு என்று கேட்டுக்கொள்ளவில்லை. சனிக்கிழமை காலை, அடுப்பில் சாம்பார். ஐம்பது வயதுப் பெண்மணி, மடிக்கணினியோடு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்துகொண்டார். சில கேள்விகளுக்குக் கணினியை என் பக்கம் திருப்பி, "நீங்களே அமுக்குங்கள், நான் பார்க்க மாட்டேன்" என்றார். கல்யாணக் கேள்வி அதில் இல்லை, அதை அவரே வாய்விட்டுக் கேட்டார். உங்கள் நெருங்கிய சொந்தத்தில் ஒருவர் வேறு மதப்பிரிவில் கல்யாணம் செய்தால் உங்களுக்கு ரொம்ப மனத்தாங்கலா, கொஞ்சமா, இல்லவே இல்லையா?

"இல்லவே இல்லை" என்றேன். அரை நொடி கூட யோசிக்கவில்லை.

இப்போது என் வீட்டுக் கதை. ஊர் பாளையங்கோட்டை. அம்மா ஆர்.சி. (கத்தோலிக்கர்), அப்பா சி.எஸ்.ஐ. (புராட்டஸ்டண்ட்). கல்யாணம் அப்பா வீட்டுக் கோவிலில் நடந்தது. அம்மாவைப் பெற்ற தாத்தா வரவில்லை. ஆச்சி மட்டும் வந்து, உள்ளே நுழையாமல் வேப்பமரத்தடியில் நின்று பார்த்துவிட்டுப் போனதாகச் சொல்வார்கள். ஒரே ஏசு, ஒரே பைபிள், நடுவில் அந்த வேப்பமரம். இதெல்லாம் தெரிந்த நான், அந்தப் பெண்மணி முகத்தைப் பார்த்துப் பொய் சொன்னேன். அவரும் டிக் போட்டுக்கொண்டார். அப்போ அந்தச் சதவீதத்தில் எத்தனை சாம்பார் இருக்கும்?

4 பிப்ரவரி 2024, கொஞ்ச நேரம் கழித்து

பொய் என்று எழுதியது அதிகம். எனக்கு நிஜமாகவே மனத்தாங்கல் இல்லை. ஆனால் தம்பி நாளைக்கு யாரையாவது கூட்டிவந்து நின்றால், முதலில் வாயில் வரப்போகிற கேள்வி எதுவென்று எனக்குத் தெரியும்.

7 பிப்ரவரி 2024

உறவு கிடக்கட்டும், முதலில் யார் கத்தோலிக்கர், யார் புராட்டஸ்டண்ட் என்று எண்ணுவதே இங்கே தனிக்கலை.

வேலையில் சேர்ந்த அன்று ஒரு தாள் நீட்டினார்கள். "நான் புராட்டஸ்டண்ட் சமூகப் பின்னணி உடையவர், கத்தோலிக்கப் பின்னணி உடையவர், ரெண்டும் இல்லை." சாமி கும்பிடுகிறாயா என்று கேட்கவே இல்லை. 1989இல் வந்த வேலைவாய்ப்புச் சட்டத்தின் வழி வந்த வழக்கம் இது. பத்துப் பேருக்கு மேல் வேலை செய்கிற இடம் என்றால் எந்தப் பக்கத்தில் எத்தனை பேர் என்று வருடா வருடம் அனுப்பியே ஆகவேண்டும். நிரப்பாமல் விட்டால், படித்த பள்ளிக்கூடம் மாதிரி விவரங்களை வைத்து அவர்களே ஒரு பக்கம் சேர்த்துக்கொள்ளலாம்.

நான் நிரப்பாமல் விட்டேன். படித்தது கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளி, விண்ணப்பத்தில் பள்ளிப் பெயரே ஒரு புனிதரோடுதான் ஆரம்பிக்கும். ஞானஸ்நானம் வாங்கினது சி.எஸ்.ஐ.யில். என்னை எந்தக் கணக்கில் எழுதினார்களோ, ஆண்டவருக்கே வெளிச்சம்.

இங்கே ஒரு பழைய ஜோக் உண்டு. "நான் யூதன்" என்று ஒருவர் சொல்ல, "சரிப்பா, நீ கத்தோலிக்க யூதனா, புராட்டஸ்டண்ட் யூதனா?" என்பார்களாம். ஜோக் என்றுதான் நினைத்திருந்தேன். புராட்டஸ்டண்டுகள் வாழும் ஷாங்கில் பக்கம் ஒரு பாட்டிக்குக் காலில் கட்டு மாற்றிக்கொண்டிருக்கும்போது, "இந்தியாவிலிருந்தா? கத்தோலிக்க இந்தியரா, புராட்டஸ்டண்ட் இந்தியரா?" என்று நிஜமாகவே கேட்டுவிட்டார். கொடுமை என்னவென்றால் என் விஷயத்தில் அதற்குப் பதில் இருக்கிறது! "ரெண்டும்தான் பாட்டி, அம்மா ஒன்று, அப்பா ஒன்று" என்றேன். "அப்போ உங்கள் வீட்டு நடுக்கூடத்தில் ஒரு சுவர் கட்டியிருப்பீர்களே" என்று சிரித்தவர், கட்டு போட்டு முடிக்கிறவரை சிரித்தார்.

கேட்காமலே கண்டுபிடிப்பதும் உண்டு. பெயர், பள்ளி, எந்தப் பந்தாட்ட அணி, ஒரே ஊரைக் கத்தோலிக்கர் மாதிரி டெரி என்கிறாரா, புராட்டஸ்டண்ட் மாதிரி லண்டன்டெரி என்கிறாரா. ஆங்கில எட்டாவது எழுத்தை 'ஹெய்ச்' என்றால் கத்தோலிக்கர், 'எய்ச்' என்றால் புராட்டஸ்டண்ட். ஊரிலிருந்து வந்த புதுசில் என்னோடு இருந்தவர்களுக்கு இது அதிசயமாக இருந்தது. எனக்கு இல்லை. பைபிளில் வரும் ஒரே ஆள்தான், அம்மா வீட்டில் அருளப்பர், அப்பா வீட்டில் யோவான். அங்கே இராயப்பர், இங்கே பேதுரு. அங்கே சாமியார், இங்கே ஐயர். 'சூசை' என்று பெயர் சொன்னால் கத்தோலிக்கர்தான், வேறு விசாரணையே வேண்டாம். 1995இல் பொது மொழிபெயர்ப்பு பைபிள் வந்தபிறகு இந்த அடையாளம் மங்கிவிட்டது. இங்கே 'ஹெய்ச்' இன்னும் மங்கவில்லை.

2021 மக்கள்தொகைக் கணக்கில் கத்தோலிக்கர் 42.3 சதவீதம்.

8 பிப்ரவரி 2024

45.7 என்று ஒருவர் திருத்தியிருக்கிறார். ரெண்டும் சரி. இன்றைக்கு எந்த மதம் என்ற கேள்விக்கு 42.3. வளர்ந்த மதத்தையும் சேர்த்து 'பின்னணி' என்று பார்த்தால் 45.7, புராட்டஸ்டண்ட் மற்றும் பிற கிறிஸ்தவப் பின்னணி 43.5, எதுவுமே இல்லை 9.3. மதமே இல்லை என்று சொன்னவர்கள் 17.4 சதவீதம். அதில் கிட்டத்தட்ட பாதிப் பேரை 'நீ எந்த வீட்டில் வளர்ந்தாய்' என்று கேட்டுத் திரும்ப ஒரு பக்கம் சேர்த்துவிட்டார்கள்! கோவிலை விட்டுப் போனாலும் கோவில் விடாது போல.

எண்ணுவது சாதாரண விஷயமும் இல்லை. 1981 கணக்கெடுப்பின்போது படிவம் வாங்கப்போன ஒரு இளம்பெண்ணை டெரியில் சுட்டுக் கொன்றார்கள். பலபேர் அந்தக் கணக்கெடுப்பையே புறக்கணித்தார்கள்.

15 பிப்ரவரி 2024

மனதைக் கேட்காதே, கண்ணுக்குத் தெரிகிறதை எண்ணு என்று ஒருவர். நானும் அப்படித்தான் நினைத்தேன். ரெண்டு பக்கத்துத் தெருக்களுக்கும் நடுவில் கட்டிய சுவரை எண்ணலாமே? கண் முன்னால் நிற்கிறது, பொய் சொல்லாது.

1969 ஆகஸ்ட் கலவரத்துக்குப் பிறகு ராணுவம் முள்கம்பி இழுத்ததில் ஆரம்பித்தது. தகரமாகி, கான்கிரீட்டாகி, குப்பர் வே பக்கம் இன்றைக்கு மூன்று மாடி உயரம். பேர் என்னமோ 'அமைதிச் சுவர்'. 2023க்குள் எல்லாவற்றையும் எடுத்துவிடுவோம் என்று 2013இல் அரசாங்கம் திட்டம் போட்டது. கெடு முடிந்தது, சுவர் இருக்கிறது.

எத்தனை சுவர்? அரசாங்கத்தின் நீதி இலாகா தன் பொறுப்பில் உள்ளதை மட்டும் எண்ணி அறுபதை ஒட்டிச் சொன்னது. அதே சமயத்தில் ஒரு தன்னார்வ அமைப்பு வேலி, கதவு, அடைத்த தெரு எல்லாம் சேர்த்து நூறை ஒட்டிச் சொன்னது. கான்கிரீட்டுக்கே இந்தக் கதி.

என் அளவுகோல் கதவுதான். கத்தோலிக்கர் பக்கத்து ஸ்பிரிங்ஃபீல்ட் ரோட்டுக்கும் ஷாங்கிலுக்கும் நடுவில் லானார்க் வே. கதவு திறந்திருந்தால் ஒரு நோயாளி வீட்டிலிருந்து அடுத்த வீடு ஐந்து நிமிடம். சாத்திவிட்டால் டவுன் பக்கம் இறங்கிச் சுற்றி வரவேண்டும், அதற்குள் அங்கே ஒருவர் இன்சுலினுக்குக் காத்திருப்பார். 7 ஏப்ரல் 2021 அன்று அந்த முக்கில் ஒரு பஸ்ஸையே கொளுத்தினார்கள். அன்று மாலை சீக்கிரமே வேலை முடிந்து வீட்டில் இருந்தேன், கைபேசியில் பார்த்தேன். மறுநாள் கட்டு மாற்றும்போது அந்தப் பாட்டி அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வானிலையைப் பற்றிப் பேசினார்.

குடியிருப்புப் பிரிவினைக்கு 1955இல் டங்கன் தம்பதியர் பிரபலமாக்கிய ஒரு குறியீடு உண்டு. ஒரு ஊரில் 100 கத்தோலிக்கர், 100 புராட்டஸ்டண்டுகள், தெரு ரெண்டு. மேலத்தெருவில் 80 கத்தோலிக்கர், 20 புராட்டஸ்டண்டுகள். கீழத்தெருவில் அப்படியே திருப்பிப் போடுங்கள். மேலத்தெருவில் கத்தோலிக்கரின் பங்கு 0.8, மற்றவர் பங்கு 0.2, வித்தியாசம் 0.6. கீழத்தெருவிலும் 0.6. கூட்டிப் பாதியாக்கினால் 0.6. அதாவது ஒரு தரப்பில் 60 பேர் வீடு மாறினால்தான் கலந்த ஊராகும். இப்போது அந்த ரெண்டு தெருவையும் ஒரே வார்டு என்று எழுதிக்கொள்ளுங்கள். குறியீடு பூஜ்யம். ஒருத்தரும் வீடு மாறவில்லை, நடுவில் இருக்கிற சுவரும் அப்படியே இருக்கிறது. நல்லவேளை, இங்கே 1971லிருந்து நூறு மீட்டர்க் கட்டமாகவும் கணக்கு வைத்திருக்கிறார்கள்.

16 பிப்ரவரி 2024

"அப்படியென்றால் உங்கள் வீட்டுக் குறியீடு எவ்வளவு?" என்று கேட்டவருக்கு: ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு 1. மதியம் பிரியாணிக்கு 0.

2 மார்ச் 2024

இதைப் படித்தபிறகு ரெண்டு நாள் மனசே சரியில்லை.

1968இல் ரிச்சர்ட் ரோஸ் என்ற பேராசிரியர் வட அயர்லாந்து முழுக்க ஒரு பெரிய ஆய்வு நடத்தினார். வசந்தத்தில் ஆரம்பித்துக் கோடையில் முடிந்தது. அதிலும் ஐந்து வருடத்துக்கு முந்தியதை விட உறவு எப்படி என்று கேட்டிருக்கிறார். ரெண்டு பக்கத்திலும் பாதிக்கு மேற்பட்டவர்கள் 'நன்றாகியிருக்கிறது' என்றார்கள். அதே வருடம் அக்டோபர் 5ஆம் தேதி, சம உரிமை கேட்டுப் போன டெரி ஊர்வலத்தில் போலீஸ் தடியடி. அடுத்த ஆகஸ்ட்டில் பெல்ஃபாஸ்ட்டில் கத்தோலிக்கர் வாழ்ந்த பாம்பே தெரு எரிந்தது. அதற்குப்பிறகு முப்பது வருடத்தில் சுமார் 3,500 உயிர்.

அவர்கள் பொய் சொல்லவில்லை, அதுதான் பயமாக இருக்கிறது. அவர்கள் பார்த்த அந்த ஐந்து வருடம் உண்மையிலேயே கொஞ்சம் இளகியிருந்தது.

பிறகு 1989இல் 'நன்றாகியிருக்கிறது' என்றவர்கள் சுமாராக ஐந்தில் ஒருவர். 1994இல் ரெண்டு பக்கத்து ஆயுதக் குழுக்களும் போர்நிறுத்தம், 1995 ஆய்வில் பாதிக்கு மேல். 1996 பிப்ரவரியில் லண்டன் கேனரி வார்ஃப் குண்டு, ஜூலையில் டிரம்க்ரீ என்ற இடத்தில் புராட்டஸ்டண்ட் ஊர்வலத் தகராறு. உடனே சரிவு. 2001இல் பெல்ஃபாஸ்ட் ஆர்டாய்னில் சின்னக் கத்தோலிக்கப் பெண் பிள்ளைகள் பள்ளிக்குப் போகிற வழியில் நின்று பெரியவர்கள் கத்தினார்களே, அப்போதும் சரிவு. 2012 கொடித் தகராறுக்குப் பிறகும் சரிவு. இது உறவை அளக்கிறதா, அந்த வருடத்துச் செய்தித்தாளை அளக்கிறதா?

10 மார்ச் 2024

முதல் நாள் எழுதியதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். முழுசாக இல்லை, முக்கால்வாசி.

நேற்று இரவு ஒரு வீட்டில், இடுப்பு அறுவை முடிந்து வந்த பெரியவர். வழக்கம்போல் கேட்டேன். "பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் வலி எத்தனை?" "ஏழு" என்றார். எழுதிக்கொண்டேன். காரில் வந்து உட்கார்ந்ததும்தான் உறைத்தது. நான் தினம் பதினைந்து பேரிடம் கேட்கிற கேள்வி இது! அந்த ஏழு எதை அளக்கிறது? ராத்திரி தூக்கம் வந்ததா, மகள் போன் பண்ணினாளா, என்னைப் பிடிக்குமா, எல்லாம் அதில் இருக்கிறது. ஒருவருடைய ஏழை இன்னொருவருடைய ஏழோடு வைத்து எந்த நர்ஸும் ஒப்பிட மாட்டாள். ஆனால் அதே ஆள், அதே கேள்வி, முந்தாநாள் நாலு, நேற்று ஐந்து, இன்றைக்கு ஏழு என்றால் டாக்டருக்கு போன் போடுவேன். கேள்வியை மட்டும் மாற்றமாட்டேன். நாளைக்கு வேறு நர்ஸ் வந்து "இப்போ தேவலையா?" என்று கேட்டால் என் ஏழு வீண்.

1989லிருந்து ஒரு வார்த்தை மாற்றாமல் கேட்டுக்கொண்டே இருக்கிறார்களே, அதில்தான் விஷயம் இருக்கிறது. நான் போன வாரம் குறை என்று சொன்ன ஏற்ற இறக்கம்தான் அதன் உபயோகமே. அந்தக் கேள்வி சொல்வது இறங்குமுகமா ஏறுமுகமா என்று மட்டும்தான். எவ்வளவு ஆழம் என்று கேட்டால் அதற்குத் தெரியாது. 1968இல் ஒரே ஒரு தடவை கேட்டுவிட்டுப் போனார்கள், அடுத்த வருடம் கேட்க ஆள் இல்லை.

நான் கிண்டல் செய்த அந்தப் படிவமும் அப்படித்தான். பழைய போலீஸ் படையில் கத்தோலிக்கர் சுமார் 8 சதவீதம் என்பது யாரோ உட்கார்ந்து எண்ணியதால் தெரிந்தது. போலீஸைச் சீர்திருத்தச் சொன்ன 1999 பேட்டன் அறிக்கைக்குப் பிறகு, 2001லிருந்து 2011வரை ஆள் எடுப்பதில் கத்தோலிக்கர் பாதி, மற்றவர் பாதி. முடிவில் 30ஐ ஒட்டி வந்தது. பின்னணி கேட்காத படிவம் வைத்து இதைச் செய்திருக்க முடியாது.

11 மார்ச் 2024

"கலப்புப் பள்ளி வேண்டும் என்று பெரும்பாலானவர்கள் ஆய்வில் சொல்கிறார்கள், ஆனால் ஒருங்கிணைந்த பள்ளியில் படிப்பது சுமார் 7 சதவீதப் பிள்ளைகள்தான், அப்போ எல்லாம் வேஷம்தானே?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

நானும் அப்படித்தான் எழுதியிருப்பேன், மகனுக்கு இடம் தேடாமல் இருந்திருந்தால். முதல் ஒருங்கிணைந்த பள்ளி, லாகன் காலேஜ், 1981இல் 28 பிள்ளைகளோடு பெற்றோர்களே ஆரம்பித்தது. இன்றைக்கும் பல ஊரில் பக்கத்தில் அப்படி ஒன்று இல்லை, இருக்கிற இடத்தில் சீட் இல்லை. நாங்கள் முதலில் கேட்ட இடத்தில் கிடைக்கவில்லை. இப்போது மகன் படிப்பது தெருமுனையில் உள்ள கத்தோலிக்கப் பள்ளி. கணக்கில் நான் அந்த 93இல் ஒருத்தி. ஆசைக்கும் நடப்புக்கும் நடுவில் இருக்கிற இடைவெளி முழுக்க வேஷம் இல்லை, பாதி பஸ் ரூட்.

சேர்ந்து உட்காரவைத்தால் போதுமா என்பது வேறு. 1954இலேயே ஆல்போர்ட் என்ற உளவியலாளர் எழுதிவிட்டார்: சம அந்தஸ்து, பொதுவான நோக்கம், ஒத்துழைப்பு, மேலிடத்து ஆதரவு இருந்தால்தான் பழக்கம் பகையைக் குறைக்கும். ரெண்டு பக்கத்துப் பிள்ளைகளையும் கோடை விடுமுறைக்கு அமெரிக்கா கூட்டிப்போவது 1975லிருந்து நடந்தது. அப்படிப் போய்வந்த ஒருவர் என் நோயாளி. "ஆறு வாரம் ஒரே அறையில் இருந்தோம், உயிருக்கு உயிர். திரும்பி வந்ததும் அவன் வீட்டுக்கு நான் எந்த பஸ்ஸில் போவது?" என்றார்.

24 மார்ச் 2024

ஒரு எச்சரிக்கை. 2020இல் கொரோனா வந்ததும் இந்த ஆய்வை நேரில் போய்க் கேட்பதிலிருந்து இணையத்துக்கும் போனுக்கும் மாற்றினார்கள். கேள்வி அதேதான், எதிரில் ஆள் இல்லை. அதற்கு முந்திய எண்ணையும் பிந்திய எண்ணையும் ஒரே கோட்டில் வைத்து வரைந்துகொண்டு இங்கே வராதீர்கள். என்னையே எடுத்துக்கொள்ளுங்கள், அந்தப் பெண்மணி எதிரில் இல்லாமல் இருந்திருந்தால் 'கொஞ்சம்' என்று அமுக்கியிருப்பேனோ என்னவோ.

அப்புறம், 2018இல் பாதிப் பேர் 'நான் யூனியனிஸ்டும் (பிரிட்டனோடு இருக்கவேண்டும் என்பவர்) இல்லை, நேஷனலிஸ்டும் (அயர்லாந்தோடு சேரவேண்டும் என்பவர்) இல்லை' என்றார்கள். ஓட்டுப் பெட்டியில் அந்தப் பாதியைக் காணவில்லை. இதைப் பற்றித் தனியாக எழுதவேண்டும், இன்றைக்கு நைட் டியூட்டி.

31 மார்ச் 2024, ஈஸ்டர்

அம்மாவுக்கு போன் பண்ணினேன். அப்பா அவர் கோவிலுக்குப் போய் வந்துவிட்டார், அம்மா ராத்திரிப் பூசைக்கே மாதா கோவில் போய் வந்தாளாம். நலம் விசாரித்து முடிந்ததும், சும்மா ஒரு குறும்பு. அந்த ஆய்வுக் கேள்வியை அப்படியே தமிழில் கேட்டேன். "ஏம்மா, நம்ம நெருங்குன சொந்தத்துல ஒருத்தர் மாத்திக் கல்யாணம் பண்ணினா உனக்கு ரொம்ப மனத்தாங்கலா இருக்குமா, கொஞ்சமா, இல்லவே இல்லியா?"

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. தொடர்பு போய்விட்டதோ என்று ரெண்டு தடவை அம்மா, அம்மா என்றேன்.

"எதுக்குட்டி கேக்க? தம்பி உங்கிட்ட எதும் சொன்னானா?"

"இல்லம்மா, சும்மா ஒரு கணக்குக்கு."

"கணக்காம்." குரலைத் தாழ்த்திக்கொண்டாள், அப்பா பக்கத்தில் இருக்கிறார் போல. "பொண்ணு எந்தக் கோயிலு?"